பெருவிரலுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர்

சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் பெங்களூரின் பழைய பேட்டைகள் தூங்குவதில்லை. திகளர்பேட்டை தர்மராய சுவாமி கோயிலிலிருந்து நள்ளிரவுக்குப் பிறகு கரகம் புறப்படும். தமிழ் வேர் கொண்ட திகளர் சமூகத்தின் திருவிழா இது. திரௌபதியை வணங்குகிறவர்கள், தலைமுறை தலைமுறையாகத் தோட்ட வேலையில் பேர் வாங்கியவர்கள். பெண் கோலத்தில் இருக்கும் பூசாரி, கோபுரமாக உயர்ந்த மல்லிகைக் கரகத்தைத் தலையில் தாங்கி வருவார். உருவிய வாளோடு வீரகுமாரர்கள் சூழ்ந்து வருவார்கள். தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போய்விட்டு, விடியும்வரை ஊர் சுற்றி வருவது வழக்கம். கரகத்தைக் கை தொடாது. கூட்டம் நெருக்கும், சந்து வளையும், தரை ஏறி இறங்கும். கரகம் மட்டும் அசங்காது.

அங்கே எல்லோருடைய கண்ணும் மல்லிகை மீது இருக்கும். எனக்கு அந்தக் காலடிகளைப் பார்க்கத்தான் ஆசை. முழங்கால் சற்றே மடிந்தபடி, அடிகள் குட்டையாக, அடுக்கடுக்காக விழுகின்றன. நம் ஊர்ப் பக்கம் கரகாட்டக் கலைஞர்களும் இடுப்புக்குக் கீழே ஆயிரம் வேலை செய்துகொண்டு, கழுத்துக்கு மேலே ஒன்றுமே நடக்காததுபோல நிற்பார்கள். இதில் பக்தி இருக்கிறது, பயிற்சி இருக்கிறது. எல்லா மனிதருக்கும் பொதுவான ஓர் உடல் வித்தையும் இருக்கிறது. கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரும்போதுகூட அதே வித்தையைத்தான் செய்கிறோம். தலையில் கரகம் இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை.

நடக்கும்போது உடம்பு நேர்கோட்டில் போவதில்லை. ஒற்றைக் காலின் மேல் நிமிர்ந்து நிற்கும் கணத்தில் இடுப்பு உச்சத்தில் இருக்கும். இரண்டு பாதமும் முன்னும் பின்னுமாக விரிந்து தரையைத் தொடும் கணத்தில் தாழ்ந்திருக்கும். இந்த ஏற்ற இறக்கம் நாலைந்து சென்டிமீட்டர். ஏறும்போது வேகம் குறைந்து உயரம் கூடுகிறது, இறங்கும்போது அந்த உயரம் வேகமாகத் திரும்பி வருகிறது. இதை இயக்கவியலில் தலைகீழ் ஊசல் என்பார்கள். ஊன்றிய பாதம் அச்சு, விறைத்த கால் தண்டு, உடம்பு அதன் உச்சியில் இருக்கும் எடை. இத்தாலிய உடலியலாளர் ஜியோவன்னி கவாக்னாவும் அவர் கூட்டாளிகளும் இதைப் பல ஆண்டுகள் அளந்து பார்த்தார்கள். இயல்பான வேகத்தில் நடக்கும்போது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல் இப்படிக் கைமாறியே மிச்சமாகிறது என்று தெரிந்தது. மணிக்கு ஐந்து கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில்தான் இந்த மிச்சம் அதிகம். யாரும் சொல்லிக்கொடுக்காமலே நம் கால்கள் அந்த வேகத்தைத்தான் தேர்ந்தெடுக்கின்றன.

கே.ஆர். மார்க்கெட்டில் விடியற்காலையில் பூக்கூடை சுமப்பவர்களைப் பார்த்தால் இந்தச் சிக்கனம் புரியும். கூடை வழுக்கிக்கொண்டே ஒரே மட்டத்தில் போவதுபோலத் தெரியும். கென்யாவின் லுவோ, கிகுயு பெண்கள் தலைச்சுமையோடு நடப்பதை அளந்த ஓர் ஆய்வு 1986-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை தலையில் ஏற்றினாலும் அவர்கள் கூடுதலாக மூச்சு வாங்கவில்லை, கூடுதலாக ஆற்றல் செலவழிக்கவில்லை என்றது அது. சுமை ஏறும்போது அவர்களுடைய ஊசல் இன்னும் சிக்கனமாக வேலை செய்கிறது என்று 1995-இல் வந்த அடுத்த ஆய்வு காரணம் சொன்னது. சிறு வயதிலிருந்து தண்ணீர்க் குடம் சுமந்து பழகிய உடம்பு தானாகவே கண்டுபிடித்த கணக்கு அது. நம் ஊர்ப் பாட்டிமார்களை யாராவது அன்றைக்கு அளந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

ஒவ்வொரு அடியும் ஒரு விழுகை. உடம்பு முன்னால் சாய்கிறது, விழத் தொடங்குகிறது, அடுத்த கால் போய்த் தாங்குகிறது. குதிகால் தரையைத் தொடுவதில் தொடங்கி அதே குதிகால் மறுபடி தொடும்வரை ஒரு சுற்று. அந்தச் சுற்றில் ஏறக்குறைய அறுபது சதவீத நேரம் கால் தரையில் ஊன்றி இருக்கிறது, நாற்பது சதவீதம் காற்றில் வீசிப் போகிறது. இரண்டு காலும் ஒன்றாகத் தரையில் இருப்பது இருபது சதவீதம்தான். வேகம் கூடக்கூட அந்த இருபதும் சுருங்கும். அது முழுதாக மறைந்தால் நாம் ஓடுகிறோம் என்று பொருள். ஆக, சாதாரணமாக நடக்கிற ஒருவர் நடையின் பெரும் பகுதியை ஒற்றைக் காலில்தான் கழிக்கிறார்.

ஊசலில் மிச்சமானது போக மீதி ஆற்றலை யாராவது கொடுத்தாக வேண்டும். அதில் பெரும் பங்கு கெண்டைக்கால் சதையிலிருந்து வருகிறது. குதிகால் மேலெழும்போது அந்தச் சதை குதிநாணை இழுத்து, முன்பாதத்தால் தரையைப் பின்னுக்கு உதைக்கிறது. அந்தக் கணத்தில் உடம்பின் எடையைவிடக் கூடுதலான விசை பாதத்தின் முன்பகுதியில் இறங்குகிறது. பாதத்தில் 26 எலும்புகள். இத்தனை துண்டுகள் கோத்த ஒன்று நடுவில் மடங்காமல் எப்படி நெம்புகோலாக நிற்கிறது? குரங்கின் பாதம் அந்த இடத்தில் நடுவே வளைந்துவிடும். நம்முடையது வளைவதில்லை.

இந்தக் கேள்விக்கான விடையில் பெங்களூருக்குப் பங்கு உண்டு. பெல்லாரி சாலையில் ஜி.கே.வி.கே. வளாகத்துக்குள் தேசிய உயிரியல் அறிவியல் மையம் இருக்கிறது, ஊரில் என்.சி.பி.எஸ். என்றால்தான் தெரியும். மதுசூதன் வெங்கடேசன் அங்கே 2010-களில் ஆய்வுக்குழு வைத்திருந்தார். இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு உயிர்களின் இயக்கத்துக்குள் வந்தவர். பிறகு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவரும் ஷ்ரேயஸ் மாந்த்ரே, மகேஷ் பாண்டி முதலியோரும் சேர்ந்து செய்த ஆய்வு 2020-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. அதுவரை பாதத்தின் உறுதிக்குக் காரணம் குதிகாலிலிருந்து விரல்வரை போகும் நீளவாக்கு வளைவுதான் என்று பாடப்புத்தகங்கள் சொல்லி வந்தன. இவர்கள் பார்த்தது குறுக்கு வளைவை. பாதத்தின் மேற்புறத்தில், கட்டைவிரல் பக்கமிருந்து சுண்டுவிரல் பக்கமாகத் தடவினால் கையில் தட்டுப்படும் மேடு அது.

ஒரு பத்து ரூபாய் நோட்டின் ஒரு முனையைப் பிடித்து முன்னால் நீட்டிப் பாருங்கள், மறுமுனை தொங்கிவிடும். பிடித்த முனையைக் குறுக்கே லேசாக வளைத்துப் பிடியுங்கள்; நோட்டு விறைத்து நிற்கும். பாதமும் அப்படித்தான் என்று அவர்கள் காட்டினார்கள். தானமாகப் பெற்ற பாதங்களில் குறுக்கே எலும்புகளைப் பிணைக்கும் திசுக்களை அறுத்துப் பார்த்தபோது, பாதத்தின் விறைப்பில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் போய்விட்டது. நீளவாக்கு வளைவைத் தாங்கும் உள்ளங்கால் பட்டையை அறுத்தாலும் அவ்வளவு போவதில்லை. புதைபடிவங்களை ஒப்பிட்டபோது, நம்முடையதைப் போன்ற குறுக்கு வளைவு மனித இனம் தோன்றும் முன்பே நம் மூதாதையர் பாதத்தில் வந்துவிட்டது என்றும் தெரிந்தது. பல லட்சம் ஆண்டுகள் தரையோடு உறவாடி உருவான ஒரு பொருளை நாம் தினமும் செருப்புக்குள் நுழைத்துக்கொள்கிறோம். இதைப் படித்த அன்று என் பாதத்தையே வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் எனக்குப் புத்தக அறிவாக மட்டும் இருந்திருக்கும், அம்மாவின் இடுப்பெலும்பு முறியாமல் இருந்திருந்தால். காய்கறிப் பையோடு வந்துகொண்டிருந்தவர், நடைபாதையில் ஒரு சப்படிக் கல்லின் விளிம்பில் தடுக்கி விழுந்தார். பாறையைப் பலகை பலகையாக உடைத்து எடுப்பதைத்தான் இந்த ஊரில் சப்படிக் கல் என்பார்கள். அறுவை சிகிச்சை, ஆஸ்பத்திரி, பிறகு வீட்டுக்குள் வாக்கர். எழுபதைத் தாண்டிய அம்மா நடக்கக் கற்றுக்கொள்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். அம்மாவுக்காகத் தமிழைக் கலந்து பேசுவார். வாக்கரிலிருந்து கோலுக்கு மாறிய அன்று அம்மா கோலை வலது கையில் பிடித்தார். நோவுகிற கால் வலதுதானே.

“அம்மா, அந்தக் கையில பேடா. இடது கையில பிடிங்க.”

“நோவுறது வலது கால், கண்ணு. கோலை இந்தப் பக்கம் குடுக்கிறியே?”

“இந்தப் பக்கம்தாம்மா சரி. நாலு அடி நடந்து பாருங்க.”

நடந்தார். முகம் மாறியது. வலி குறைந்தது என்று வாய் திறந்து சொல்லக்கூட இல்லை, கோலைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

காரணத்தை அந்தப் பெண் தன் இடுப்பிலேயே தொட்டுக் காட்டினார். வலது காலில் மட்டும் நிற்கும்போது உடம்பின் எடை இடதுபுறமாகத் தொங்கப் பார்க்கிறது. அதை விழவிடாமல் பிடிப்பது வலது இடுப்பின் பக்கவாட்டில் இருக்கும் தசை. அந்தத் தசை மூட்டுக்கு மிக அருகில் இருப்பதால் நெம்புகோலில் அதற்குக் குட்டைக் கை. எடைக்கோ நீளக் கை. அதனால் தசை எடையைவிடப் பலமாக இழுக்க வேண்டியிருக்கிறது. உடல் எடையும் தசை இழுப்பும் சேர்ந்து மூட்டின் மேல் இறங்குகின்றன. உணர்கருவி பொருத்திய செயற்கை மூட்டுகளைக் கொண்டு ஜெர்மனியில் பெர்க்மன் குழு அளந்தபோது, சாதாரண நடையிலேயே இடுப்பு மூட்டின் சுமை உடல் எடையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு இருந்தது. கோலை எதிர்க் கையில் பிடித்தால், தூரத்திலிருந்து தாங்குவதால் சிறிய அழுத்தமே தசையின் வேலையைப் பெரிதும் குறைத்துவிடுகிறது. அந்தத் தசை பலவீனமானால் இடுப்பு ஒரு பக்கம் சரிந்து ஆள் ஆடி ஆடி நடப்பார். ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க் 1895-இல் இதை விளக்கினார். இன்றும் அந்த நடைக்கு அவர் பெயர்தான்.

படிக்கட்டுக்கும் ஒரு பாடம் இருந்தது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுகிற கால் முதலில். உடம்பைத் தூக்குவதும் இறக்குவதும் எப்போதும் நல்ல காலின் பொறுப்பாக இருக்க வேண்டும் என்பதே கணக்கு. அம்மா அதை முணுமுணுத்துக்கொண்டே மாடிப்படி ஏறி இறங்குவார்.

குழந்தை நடை பழகுவதோடு இதை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃப் குழு தத்தித் தத்தி நடக்கும் குழந்தைகளை எண்ணிப் பார்த்தது. ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள், 17 முறை விழுகை. குழந்தை அதைப் பொருட்படுத்துவதே இல்லை. குட்டை உடம்பு, லேசான எடை, தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. விழுந்து விழுந்தே கற்கிறது. எழுபது வயதில் அந்தப் பாடமுறை கிடையாது. ஒரே ஒரு விழுகைகூட இல்லாமல் கற்றாக வேண்டும். நம் வீடுகளில் வயதானவர்கள் நடக்கவே அஞ்சி நாற்காலியோடு நாற்காலியாக ஆகிவிடுவது சோம்பலால் அல்ல; இதனால்தான்.

சில மாதம் கழித்து அம்மாவின் செருப்பைத் தைக்கக் கொண்டுபோனேன். அல்சூர் மார்க்கெட் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெரியவர் இரண்டு செருப்பையும் கவிழ்த்துப் பார்த்தார். இடது செருப்பு சராசரி மனிதருக்குத் தேய்வதுபோல, குதிகாலின் வெளிப்புற மூலையிலும் கட்டைவிரல் மேட்டுக்கு அடியிலும் தேய்ந்திருந்தது. பாதம் வெளிக்குதிகாலில் இறங்கி, வெளி ஓரமாகவே முன்னால் உருண்டு, கடைசியில் கட்டைவிரல் பக்கம் வந்து உதைக்கும் தடம் அது. வலது செருப்பு வேறு மாதிரி. நுனி மழுங்கி, ரப்பர் பிசிறடித்திருந்தது. “வலது கால் இழுத்துட்டு நடக்கறாங்களாப்பா?” என்று கேட்டார். ஆமாம். கால் வீசிப் போகும்போது நுனி தரையை உரசிக்கொண்டிருந்தது. அன்றைக்கே பிசியோதெரபிஸ்டுக்குப் போன் செய்தேன். முன்பாதத்தை மேலே தூக்கும் பயிற்சிகள் கூடின.

நுனி எவ்வளவு உயரத்தில் போக வேண்டும்? கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் டேவிட் வின்டர் இதை அளந்து 1992-இல் எழுதினார். இளவயது, நல்ல உடல்நலம் உள்ளவர்கள் சமதளத்தில் நடக்கும்போது, வீசிப் போகும் பாதத்தின் நுனிக்கும் தரைக்கும் இடையே இருக்கும் மிகக் குறைந்த இடைவெளி ஏறக்குறைய 1.3 சென்டிமீட்டர். அந்தக் கணத்தில்தான் பாதம் மிக வேகமாகவும் போகிறது. உடம்பு போகும் வேகத்தைப் போல மூன்று மடங்கு. அதே கணத்தில் உடம்பு முழுவதும் மற்ற ஒற்றைக் காலின் மேல் இருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கால் நீளம் ஒரு மீட்டரை நெருங்குகிறது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று மூன்று மூட்டுகளின் கோணங்கள் ஒவ்வொரு அடியிலும் சேர்ந்து அமைய வேண்டும். அத்தனைக்கும் கடைசியில் மூளை நுனிக்கு விடும் இடம் ஒரு சென்டிமீட்டர் சொச்சம். அதற்கு மேல் தூக்கினால் ஆற்றல் வீண் என்று உடம்பு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு தரை சமமாக இருக்கும் என்று நம்பிப் போட்டது.

இனி பெங்களூரு நடைபாதைக்கு வருகிறேன். இந்த ஊரின் பெரும்பாலான நடைபாதை தனியாகப் போட்ட பாதை அல்ல. மழைநீர் வடிகாலுக்கு மூடி. சப்படிக் கற்களை வடிகாலின் மேல் வரிசையாக அடுக்கியிருப்பார்கள். தூர் வாரக் கல்லைப் பெயர்ப்பார்கள். திரும்ப வைக்கும்போது பழைய மட்டத்தில் உட்காராது. கேபிள் போட வருகிறவர்கள் இன்னொரு முறை பெயர்ப்பார்கள். மரத்தின் வேர் அடியிலிருந்து தூக்கும். மரங்களை நான் குறை சொல்ல மாட்டேன், இந்த ஊரில் நடக்க நிழல் தருவது அவைதான். ஆனால் ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர வித்தியாசம் வந்துவிடுகிறது. கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. பொறியாளர் பார்த்தால் நல்ல நிலையில் இருப்பதாகத்தான் எழுதுவார். மேலே சொன்ன 1.3-ஐ வைத்துப் பார்த்தால், அது ஒரு முதியவரின் இடுப்பெலும்பு.

பெரிய பள்ளத்தைக் கண் பார்த்துவிடும், கால் சுற்றிக்கொண்டு போய்விடும். ஆளைத் தள்ளுவது இந்தச் சின்ன விளிம்புதான். தடுக்காமல் தப்பித்தாலும் செலவு உண்டு. வொலோஷினா என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 2013-இல் ஒரு சோதனை செய்தார்கள். அதிகபட்சம் 2.5 சென்டிமீட்டர் உயர வித்தியாசம் உள்ள கட்டைகள் பதித்த தளத்தில் ஆட்களை நடக்கவிட்டால், சமதளத்தைவிட 28 சதவீதம் கூடுதல் ஆற்றல் செலவானது. ஒவ்வொரு அடியிலும் முழங்கால் கூடுதலாக மடிகிறது, தசைகள் இரண்டு பக்கமும் இறுகிப் பிடிக்கின்றன, ஊசலின் சிக்கனம் கெடுகிறது. பஸ் ஸ்டாப்புக்குப் போய் வருவதற்குள் அலுப்பாக இருக்கிறது என்று வயதானவர்கள் சொல்வதில் மிகை எதுவும் இல்லை.

இந்திய சாலைக் காங்கிரஸ் 2012-இல் வெளியிட்ட பாதசாரி நெறிமுறை, நடைபாதை சாலையிலிருந்து 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது, தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்றது. நம் தெருக்களில் முழங்கால்வரை உயர்த்திக் கட்டியதும் உண்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காருக்காகச் சாய்த்து இறக்கியதும் உண்டு. ஒரு தெருவைக் கடப்பதற்குள் முதியவர் எத்தனை முறை ஏறி இறங்க வேண்டும்! கடைசியில் சாலையிலேயே இறங்கி வாகனங்களோடு நடக்கிறார்கள். சாலையைக் கடப்பதும் இப்படித்தான். சிக்னல் நேரத்தைக் கணக்கிட வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நடைவேகம் நொடிக்கு 1.2 மீட்டர். 24 மீட்டர் அகலச் சாலைக்கு 20 நொடி. நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கிறவர் அந்த 20 நொடியில் 16 மீட்டர்தான் போயிருப்பார். மீதி எட்டு மீட்டரை அவர் வாகனங்கள் கிளம்பிய பிறகு கடக்க வேண்டும்.

இதே ஊரில் மாற்று உதாரணமும் இருக்கிறது. ஜனா அர்பன் ஸ்பேஸ் வடிவமைப்பில் டெண்டர்ஷ்யூர் திட்டத்தின்கீழ் செயின்ட் மார்க்ஸ் சாலை, கன்னிங்ஹாம் சாலை, விட்டல் மல்லையா சாலை போன்றவற்றை மாற்றியமைத்தார்கள். குழாய்களும் கேபிள்களும் நடைபாதைக்கு அடியில் தனித்தனிக் குழாய்வழிகளில் போகின்றன; திறந்து பார்க்க அறைகள் உண்டு. ஆகவே தோண்ட வேண்டியதில்லை, மட்டமும் கெடுவதில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிறு காலை செயின்ட் மார்க்ஸ் சாலையில் நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவர் தரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கட்டிடங்களைப் பார்க்கத் தொடங்கினார். விழுந்த பிறகு வெளியே அப்படித் தலை நிமிர்ந்து நடந்ததை அன்றுதான் பார்த்தேன். பணக்காரச் சாலைகளுக்கு மட்டும்தானா என்று கேட்பவர்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். சிவாஜிநகருக்கும் ஸ்ரீராமபுரத்துக்கும் இது இன்னும் அவசரமாகத் தேவை, அங்கேதான் காலை நம்பி வாழ்கிறவர்கள் அதிகம்.

தரை எப்படியோ, கால் அப்படி என்று புரிந்துகொண்டு வேலை செய்தவர்கள் நம் நாட்டில் உண்டு. 1968-இல் ஜெய்ப்பூரில் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும், கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் சேர்ந்து செய்த ஜெய்ப்பூர் கால் உலகறிந்தது. மேல்நாட்டுச் செயற்கைப் பாதம் ஷூவுக்குள் இருக்கப் பிறந்தது, கணுவில் அசையாதது. நம் விவசாயி வெறுங்காலோடு சேற்றில் இறங்குவார், வரப்பில் நடப்பார், சம்மணமிட்டுச் சாப்பிடுவார், குத்துக்காலிட்டு உட்காருவார். அதற்கேற்ப ரப்பரும் மரமும் சேர்த்து எல்லாப் பக்கமும் வளைந்துகொடுக்கும் பாதத்தைச் செய்தார்கள். திருச்சிப் பக்கம் 1981-இல் நடந்த விபத்தில் காலை இழந்த சுதா சந்திரன் திரும்ப மேடையேறி ஆடியது இந்தக் காலோடுதான். பெங்களூரு ஜே.பி. நகரில் 1994 முதல் இயங்கும் மொபிலிட்டி இந்தியா, செயற்கைக் காலும் காலணைப்புகளும் செய்வதோடு அவற்றைச் செய்யும் ஆட்களையும் பயிற்றுவிக்கிறது. ஒவ்வொருவருடைய காலுக்கும் அளவெடுத்து, அவருடைய தரையைக் கேட்டு வேலை செய்யும் இந்தப் பொறுமை ஊரின் தரையைப் போடுகிறவர்களுக்கும் வர வேண்டும்.

அம்மா இப்போது லால்பாகில் நடக்கிறார். காலையில் மேற்கு வாசல் பக்கம் நின்றால், பனியில் முகம் தெரியாத தூரத்திலேயே அவர் வருவது எனக்குத் தெரிந்துவிடும். ஸ்வீடனின் உப்சாலாவில் குன்னர் யோஹான்சன் 1973-இல் இருட்டில் ஆட்களின் மூட்டுகளில் மட்டும் சிறு விளக்குகளை வைத்துப் படம் எடுத்துக் காட்டினார். பத்துப் பன்னிரண்டு புள்ளிகள்தான். பார்த்தவர்கள் நொடியில் மனிதர் நடக்கிறார் என்று கண்டுகொண்டார்கள். அப்படிப் புள்ளிகளைக் கொண்டே நண்பர்களையும் அடையாளம் காண முடிகிறது என்று சில ஆண்டுகள் கழித்து வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அம்மாவோடு நெடுநாளாக நடக்கும் பக்கத்து வீட்டு அக்கா, “உங்க அம்மாவுக்குப் பழைய நடை வந்துடுச்சு” என்றார். அளவுகோல் எதுவும் இல்லாமல் அவர் சொன்னது சரிதான். செருப்பு நுனி இப்போது தேய்வதில்லை.

லால்பாகின் பாதை சமமானது. வீட்டிலிருந்து லால்பாக் போகிற ஆட்டோவரை இருக்கும் தூரம்தான் இன்னும் கடினம். ஆகவே ஒன்று கேட்கிறேன். நாளைக் காலையில் உங்கள் வாசலுக்கு முன்னால் இருக்கும் நடைபாதையைக் குனிந்து பாருங்கள், எந்த ஊரில் இருந்தாலும். ஒரு கல்லின் விளிம்பு உங்கள் கட்டைவிரல் அகலத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றால், அதைப் படம் எடுத்து வார்டு பொறியாளருக்கு அனுப்புங்கள். பதில் வரும்வரை அனுப்பிக்கொண்டே இருங்கள். உங்கள் காருக்காகப் போட்ட சாய்தளம் நடைபாதையைக் குறுக்கே வெட்டியிருந்தால், அதை நீங்களே எடுத்துவிடுங்கள். கல் சரியாகும்வரை அந்த விளிம்பில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். வயதானவர் கண்ணுக்கு அது தெரியும்.